ஹாலஜன் என்னும் உரைகல்

பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் ஹாலஜன்கள் ஒரு பாடத்திலும் இடைநிலை உலோகங்கள் அதற்கடுத்த பாடத்திலும் வருகின்றன. ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவற்றின் தயாரிப்பையும் பண்புகளையும் படித்து முடிக்கும் மாணவர், அடுத்த பாடத்தில் ஸ்கேண்டியம் முதல் துத்தநாகம் வரையிலான பத்துத் தனிமங்களின் எலக்ட்ரான் அமைப்பை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார். தேர்வுக்கு இந்தப் பிரிவினை வசதியானது; வேதியியலைப் புரிந்துகொள்ள அது போதாது. ஓர் இடைநிலை உலோகத்தின் இயல்பு, அது தனியே இருக்கும்போது வெளிப்படுவதைவிட, ஹாலஜனோடு சேரும்போது பல மடங்கு தெளிவாக வெளிப்படுகிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரர் உரைகல்லில் இழைத்துப் பார்த்து உலோகத்தின் மாற்றை அறிவதைப் போல, ஓர் உலோகம் எத்தனை எலக்ட்ரான்களை விட்டுத்தரும், எந்த நிலையில் நிற்கும், எதனால் அரிபடும் என்பதையெல்லாம் நான்கு ஹாலஜன்களிலும் அதை இழைத்துப் பார்த்து அறிந்துவிடலாம்.

சேலத்தில் இருப்பவர்களுக்கு இதற்கான சான்றுகள் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. மேட்டூரில் உப்புக் கரைசலை மின்னாற்பகுத்துக் குளோரினும் எரிசோடாவும் (சோடியம் ஹைட்ராக்சைடு) எடுக்கிறார்கள். கஞ்சமலை அடிவாரத்து உருக்காலையில் எவர்சில்வர் தகடு உருள்கிறது. நகருக்குள் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கரைத்துத் தெளிக்கும் ஆட்கள் என்று இந்த இரு குடும்பங்களும் சந்திக்கும் இடங்கள் மாவட்டம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன.

ஹாலஜன்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் அவற்றின் குணம் பெரும்பாலும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கிறது. நான்கிற்கும் வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான்கள் உள்ளன. நிறைவு பெற ஒன்று குறைகிறது. அந்த ஒன்றைப் பெறும் வேகம் மேலிருந்து கீழாகக் குறைகிறது. நீர்க்கரைசலில் இதை அளக்கும் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் ஃபுளோரினுக்கு 2.87 வோல்ட், குளோரினுக்கு 1.36, புரோமினுக்கு ஏறத்தாழ 1.07, அயோடினுக்கு 0.54 மட்டுமே. ஆகவே குளோரின் புரோமைடிலிருந்து புரோமினை வெளியேற்றும், புரோமின் அயோடைடிலிருந்து அயோடினை வெளியேற்றும், அயோடின் யாரையும் வெளியேற்றாது. எலக்ட்ரான் நாட்டத்தில் குளோரின் (மோலுக்கு 349 கிலோஜூல்) ஃபுளோரினை (328) முந்தியிருந்தும் ஃபுளோரினே வலிமையான ஆக்சிஜனேற்றி (எலக்ட்ரானைப் பறிப்பது) என்பது பலரைக் குழப்பும் செய்தி. ஃபுளோரின் மூலக்கூறின் பிணைப்பு வலுவற்றது. 158 கிலோஜூலிலேயே உடைந்துவிடும், குளோரினுக்கோ 242 தேவை. உடைந்து உருவாகும் ஃபுளோரைடு அயனி மிகச் சிறியது என்பதால் நீர் மூலக்கூறுகள் அதை நெருக்கமாகச் சூழ்ந்து பெரும் ஆற்றலை வெளியிடுகின்றன. இந்த இரண்டும் சேர்ந்து எலக்ட்ரான் நாட்டத்தில் உள்ள குறையை ஈடுகட்டிவிடுகின்றன. சிறிய ஃபுளோரைடு, பெரிய அயோடைடு என்ற இந்த அளவு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல செய்திகள் தாமாகவே விளங்கும்.

இடைநிலை உலோகங்களின் கதை இவ்வளவு நேரானதன்று. சேலத்து மண்ணிலேயே அதற்கு ஒரு நல்ல ஒப்பீடு கிடைக்கிறது. நகருக்கு வடக்கே தோண்டியெடுக்கப்படும் வெள்ளைக்கல் என்னும் மேக்னசைட்டில் உள்ள மெக்னீசியமும், கஞ்சமலைப் பாறையில் உள்ள மேக்னடைட்டின் இரும்பும் முதல் இரண்டு எலக்ட்ரான்களை ஏறத்தாழ ஒரே விலைக்கு விட்டுத்தருகின்றன. மெக்னீசியத்துக்கு அந்த அயனியாக்கும் ஆற்றல்கள் மோலுக்கு 738, 1451 கிலோஜூல். இரும்புக்கு 762, 1562. மூன்றாவது எலக்ட்ரானில்தான் இரண்டும் பிரிகின்றன. மெக்னீசியம் அதற்குக் கேட்பது 7733 கிலோஜூல், ஏனெனில் அது நிறைவுற்ற உள்கூட்டிலிருந்து வர வேண்டும். இரும்பு 2957 கிலோஜூலுக்குத் தந்துவிடுகிறது, ஏனெனில் அதன் 3டி ஆர்பிட்டாலில் உள்ள எலக்ட்ரான்கள் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களுக்கு ஆற்றலில் வெகு அருகில் இருக்கின்றன. அதனால் மெக்னீசியத்தின் சேர்மங்கள் எங்கே பார்த்தாலும் +2 நிலையில் (இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில்), பெரும்பாலும் வெண்மையாக இருக்கின்றன. இரும்போ +2, +3 ஆகிய இரு நிலைகளிலும் சரளமாகப் புழங்குகிறது. மேக்னடைட்டில் இரண்டு நிலைகளும் ஒரே படிகத்துக்குள் அடுத்தடுத்து அமர்ந்திருக்க, அவற்றுக்கிடையே எலக்ட்ரான் எளிதில் தாவுகிறது. அந்தக் கனிமத்தின் கருமையும் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதும் இந்தத் தாவலால் வருபவை.

இப்போது இரும்பை உரைகல்லில் இழைப்போம். சூடான இரும்பின் மீது உலர்ந்த குளோரின் வாயுவைச் செலுத்தினால் ஃபெரிக் குளோரைடு உருவாகிறது. இரும்பு +3 நிலைக்குப் போய்விடுகிறது. அதே இரும்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் +2 நிலையிலான ஃபெரஸ் குளோரைடுடன் நின்றுவிடுகிறது. இரண்டிலும் கிடைப்பது குளோரைடு என்பதால் தேர்வில் இரண்டுக்கும் ஒரே வாய்பாட்டை எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். முதல் வினையில் எலக்ட்ரானைப் பறிப்பது குளோரின் மூலக்கூறு, அதன் மின்னழுத்தம் 1.36 வோல்ட். இரண்டாவதில் பறிப்பது ஹைட்ரஜன் அயனி, அதன் மின்னழுத்தம் சுழியம். அமிலத்தில் உள்ள குளோரைடு ஏற்கெனவே நிறைவு பெற்றுவிட்ட, வேடிக்கை பார்க்கும் அயனி. ஃபெரஸ் நிலையிலிருந்து ஃபெரிக் நிலைக்கு ஏற்ற 0.77 வோல்ட் தேவை. குளோரினுக்கும் புரோமினுக்கும் அந்தத் தெம்பு உண்டு, ஹைட்ரஜன் அயனிக்கும் அயோடினுக்கும் இல்லை. எனவே இரும்பும் அயோடினும் சேர்ந்தால் ஃபெரஸ் அயோடைடோடு வினை முடிகிறது. அதைவிடச் சுவையான செய்தி, ஃபெரிக் உப்புக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்தால் வினை திரும்பி நடக்கிறது என்பது: ஃபெரிக் அயனி அயோடைடிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துத் தான் ஃபெரஸாக இறங்க, அயோடின் பழுப்பாகப் பிரிகிறது. ஹாலஜன் உலோகத்தை ஆக்சிஜனேற்றும் என்று பொதுவாகச் சொல்கிறோம். அயோடினிடம் வரும்போது உலோகம் ஹாலைடை ஆக்சிஜனேற்றும் நிலை வந்துவிடுகிறது.

தாமிரத்தில் இந்தச் சோதனை இன்னும் கூர்மையாக நடக்கிறது. ஃபுளோரினோடு தாமிரம் +2 நிலை ஃபுளோரைடை மட்டுமே நிலையாகத் தருகிறது. குளோரினோடும் புரோமினோடும் +1, +2 ஆகிய இரு நிலை உப்புகளையும் தருகிறது. அயோடினோடு +1 மட்டுமே. +2 நிலைக்குரிய குப்ரிக் அயோடைடு என்ற பொருளைப் புட்டியில் அடைத்து வைக்க முடியாது. ஒரே உலோகம், ஒரே தொகுதியைச் சேர்ந்த நான்கு தனிமங்கள், ஆனால் ஒரு முனையில் மேல் நிலை மட்டும், மறுமுனையில் கீழ் நிலை மட்டும், நடுவில் இரண்டும். இடைநிலை உலோகத்தின் மாறும் இணைதிறனை விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து பாடப்பகுதியில் வேறு இல்லை; ஆனால் இது ஒரு வரிக் குறிப்பாகவே பெரும்பாலும் கடந்துபோகிறது. மயில்துத்தக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்துப் பார்த்தால் போதும். நீலம் மறைகிறது, குழாய் முழுவதும் சேறு போலப் பழுப்பாகிறது. பழுப்பு நிறம் விடுபட்ட அயோடினுடையது. அதற்குள் மறைந்திருக்கும் வெண்ணிற வீழ்படிவு, அதாவது கரையாமல் பிரிந்த திண்மம், +1 நிலைக்குரிய குப்ரஸ் அயோடைடு. தாமிரத்தின் +2 நிலைக்கும் +1 நிலைக்கும் இடைப்பட்ட மின்னழுத்தம் வெறும் கரைசலில் 0.15 வோல்ட்தான், அயோடைடை ஆக்சிஜனேற்ற அது போதாது. ஆனால் உருவாகும் குப்ரஸ் அயனியை அயோடைடு உடனுக்குடன் கரையாத வீழ்படிவாக அகற்றிவிடுவதால் அந்த மின்னழுத்தம் 0.86 வோல்ட் வரை உயர்ந்து வினை முழுமையாக நடந்தேறுகிறது.

விடுபட்ட அயோடினைச் சோடியம் தயோசல்பேட்டால் தரம்பார்த்தால், அதாவது வலிமை தெரிந்த அந்தக் கரைசலைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து அளந்தால், தாமிரத்தின் அளவு தெரிந்துவிடும். அந்தத் தரம்பார்த்தலின் முடிவுநிலையைக் காட்டுவது ஸ்டார்ச். ஸ்டார்ச்சில் உள்ள அமைலோஸ் சங்கிலி திருகுச் சுருளாக வளைந்திருக்க, அதன் நடுத்துளைக்குள் அயோடின் அயோடைடோடு சேர்ந்து நீண்ட வரிசையாக நுழைந்துகொள்ளும்போது கரு நீலம் தோன்றுகிறது. ஸ்டார்ச்சைத் தொடக்கத்திலேயே ஊற்றிவிடக் கூடாது. அயோடின் மிகுதியாக இருக்கும்போது சுருளுக்குள் இறுகிப்போய், தயோசல்பேட் வந்து கூப்பிட்டாலும் மெதுவாகத்தான் வெளியே வரும். கரைசல் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்த பிறகு சில சொட்டுகள் சேர்ப்பதே முறை. அப்போது நீலம் பளிச்சென்று தோன்றி, இன்னும் ஓரிரு சொட்டுத் தயோசல்பேட்டில் சட்டென்று மறைந்து, அடியில் வெண்ணிறக் குப்ரஸ் அயோடைடு மட்டும் நிற்கும்.

சேகோ ஆலைகளின் மாவுக்கும் இந்த வேதியியலுக்கும் வேறு இரண்டு தொடர்புகள் உண்டு. ஜவ்வரிசிக்கு வெண்மை கூட்டுவதற்காக ஹைப்போகுளோரைட் போன்ற வெளுப்பான்களைச் சேர்ப்பதாகப் புகார்கள் எழுவதும் உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆய்வு செய்வதும் செய்திகளில் வருபவை. ஹைப்போகுளோரைட்டில் குளோரின் +1 நிலையில் இருக்கிறது. அது மீண்டும் -1 நிலைக்கு இறங்கத் துடிப்பதே வெளுக்கும் ஆற்றலாக வெளிப்படுகிறது. பிளீச்சிங் பவுடரின் தரத்தை அளப்பதும் அயோடைடு கொண்டுதான்: அமிலம் சேர்த்த கரைசலில் அது விடுவிக்கும் அயோடினை ஸ்டார்ச்சின் துணையோடு தரம்பார்த்து, பயன்படும் குளோரின் இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். நன்கு தயாரித்த புதிய பவுடரில் அது 33 முதல் 35 விழுக்காடு வரை இருக்கும். திறந்து வைத்த மூட்டையில் நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போகும்.

இரண்டாவது தொடர்பு நுட்பமானது. மரவள்ளிக் கிழங்கில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் இருக்கிறது. கிழங்கை அரைக்கும்போது அது சிதைந்து சயனைடு வெளிப்படுகிறது. மாவுப்பால் துருப்பிடித்த இரும்பைத் தொட்டு நின்றால் மாவில் நீலச் சாயல் படியக்கூடும். அந்த நீலம் பிரஷ்ய நீலத்தைச் சேர்ந்தது. சயனைடு அயனி ஹாலஜன் குடும்பத்தில் பிறந்ததில்லை என்றாலும், வெள்ளி நைட்ரேட்டோடு வெண்ணிற வீழ்படிவு தருவது உட்படப் பலவற்றில் ஹாலைடு போலவே நடந்துகொள்வதால் அதைப் போலி ஹாலைடு என்கிறோம். குளோரைடு இரும்போடு தளர்வாகச் சேர்ந்திருக்கும் இடத்தில் சயனைடு ஆறு பக்கமும் இறுகப் பற்றிக்கொள்கிறது. பிரஷ்ய நீலத்தில் ஃபெரஸ், ஃபெரிக் ஆகிய இரண்டும் சயனைடுப் பாலங்களின் இரு முனைகளிலும் நிற்க, ஒளிபட்டதும் எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதால் அந்த ஆழ்ந்த நீலம் வருகிறது. கஞ்சமலை மேக்னடைட்டின் கருமைக்கும் மாவின் நீலத்துக்கும் அடிப்படை ஒன்றே.

ஹாலஜன் உலோகத்தை உயர்ந்த நிலைக்குத் தள்ளும் என்றால், மிகவும் வலிமையான ஃபுளோரின் எல்லா உலோகங்களையும் அவற்றின் உச்ச நிலைக்கே தள்ள வேண்டும் என்று தோன்றும். மாங்கனீசு அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்குகிறது. ஃபுளோரின் அதை +4 வரைதான் ஏற்றுகிறது. +7 நிலைக்கு ஏற்றுவது ஆக்சிஜன். ஏழு ஃபுளோரின்களை ஒரு சிறிய மாங்கனீசு அணுவைச் சுற்றி நிறுத்த இடமில்லை. ஆக்சிஜனோ ஒவ்வொன்றும் இரட்டைப் பிணைப்பு அமைத்து நான்கே பேராக வேலையை முடித்துவிடுகிறது. அப்படி உருவாகும் பெர்மாங்கனேட், குளோரைடையே ஆக்சிஜனேற்றிக் குளோரினாக மாற்றும் வல்லமை பெற்றது: அதன் மின்னழுத்தம் 1.51 வோல்ட், குளோரினுடையது 1.36. பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் நீர்த்த சல்பூரிக் அமிலத்தையே சேர்க்க வேண்டும், ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது என்று ஆய்வகத்தில் வற்புறுத்துவது இதனால்தான். டைகுரோமேட்டின் மின்னழுத்தம் 1.33 வோல்ட், குளோரினுக்கு ஒரு நூலிழை கீழே. ஆகவே அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பயன்படுத்தலாம். குளோரின் முதன்முதலில் மனிதர் கைக்கு வந்ததும் மாங்கனீசின் வழியாகத்தான். 1774-ல் வேதியியலாளர் ஷீலே மாங்கனீசு டைஆக்சைடுக் கனிமத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சூடாக்கி அந்தப் பசுமஞ்சள் வாயுவைப் பெற்றார். அது ஒரு தனிமம் என்று 1810-ல் நிறுவியவர் வேதியியலாளர் டேவி.

மாங்கனீசு என்றதும் சேலத்தோடு பிணைந்த ஒரு பெயரையும் குறிப்பிட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக இருந்த ஜோசியா மார்ஷல் ஹீத், சேலத்து இரும்புத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830-களில் இரும்பாலை நடத்தியவர். அது வணிகத்தில் தோற்றது. பின்னர் இங்கிலாந்து சென்ற அவர், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார். இரும்பில் கலந்திருக்கும் ஆக்சிஜனையும் கந்தகத்தையும் மாங்கனீசு தன்னோடு இழுத்துக்கொள்வதால் எஃகை உடையாமல் அடித்து உருவாக்கலாம். எஃகுத் தொழிலின் வரலாற்றில் ஹீத்துக்குக் கிடைத்திருக்கும் இடம் அவர் தகுதிக்குக் குறைவானது என்பது என் கருத்து.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட பின், மின்சாரத்தைப் பெருமளவில் உண்ணும் காரம்-குளோரின் தொழில் அங்கே வேர்விட்டது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாயும்போது நேர்மின்வாயில் குளோரினும் எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் பிரிய, கரைசலில் எரிசோடா தங்குகிறது. ஒரு டன் எரிசோடாவுக்கு ஏறத்தாழ 0.89 டன் குளோரின் கூடவே வரும், வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும். இந்தத் தொழிலில் எந்த உலோகம் குளோரினைத் தாங்கும் என்ற கேள்விக்கான விடை, முதன்முறை கேட்பவருக்கு வியப்பூட்டும். ஈரமான குளோரின் இரும்பைச் சில நாட்களில் அரித்துத் தின்றுவிடும், டைட்டேனியத்தை ஒன்றும் செய்யாது. நன்கு உலர்த்திய குளோரினை எஃகு உருளைகளில் அச்சமின்றி அடைக்கலாம். ஆனால் அதை டைட்டேனியத்தில் செலுத்தினால் அந்த உலோகம் தீப்பற்றி எரியும்.

காரணம் அந்த உலோகங்களின் மேற்பரப்பில் இருக்கிறது. டைட்டேனியத்தைக் காப்பது அதன் மேல் படர்ந்திருக்கும் ஆக்சைடுப் படலம். படலத்தில் கீறல் விழுந்தால் அதைச் செப்பனிட ஆக்சிஜன் வேண்டும், அது நீரிலிருந்து கிடைக்கிறது. நீரே இல்லாத குளோரினில் படலம் செப்பனிடப்படாமல் போக, வெளிப்பட்ட உலோகம் குளோரினோடு சேர்ந்து டைட்டேனியம் டெட்ராகுளோரைடாகிறது. அது திடப்பொருளாகப் படிந்து உலோகத்தை மூடாமல் எளிதில் ஆவியாகும் நீர்மம் என்பதால் வினை நிற்காமல் தொடர்கிறது. இரும்பின் மேலோ உலர்ந்த குளோரினில் ஃபெரிக் குளோரைடு மெல்லிய திண்மப் படலமாகப் படிந்து, சாதாரண வெப்பநிலையில் மேற்கொண்டு அரிப்பைத் தடுக்கிறது. ஈரம் நுழைந்தால் அதே ஃபெரிக் குளோரைடு கரைந்து அமிலமாகி, காவலே களவாகிவிடும். குடிநீர் நிலையங்களில் குளோரின் உருளைகளைக் கையாள்பவர்கள் வால்வில் ஒரு பொட்டு ஈரம்கூடத் தங்கக் கூடாது என்று கவனமாக இருப்பதும், கசிவு இருக்கும் இடத்தில் நீரைப் பீய்ச்சக் கூடாது என்று விதி இருப்பதும் இதனால். சிறு கசிவைக் கண்டுபிடிக்க அம்மோனியா நனைத்த துணியை அருகே காட்டுவார்கள்; வெண்புகை எழுந்தால் அது அம்மோனியம் குளோரைடு.

கஞ்சமலை அடிவாரத்தில் உருளும் எவர்சில்வருக்கும் இதே படலக் கதைதான், ஆனால் நம் சமையலறை வரை வருவதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரும்பில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்தால் சில நானோமீட்டர் மட்டுமே தடித்த குரோமியம் ஆக்சைடுப் படலம் தானாகப் படர்ந்து துருவைத் தடுக்கிறது. பாத்திரங்களுக்கு வழக்கமான வகையில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். அமிலப் புளியோ எண்ணெயோ இந்தப் படலத்தை அசைப்பதில்லை. அதை உடைக்க வல்லது குளோரைடு அயனி. எவர்சில்வர் குண்டானில் குளிர்ந்த நீரை ஊற்றிக் கல்லுப்பைப் போட்டுக் கலக்காமல் விட்டால், உப்புக்கல் கிடந்த இடத்தில் குளோரைடின் செறிவு மிகுந்து ஊசிமுனை அளவு குழி விழும். குழிக்குள் கரைந்த குரோமியம், இரும்பு அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. நேர்மின்னூட்டம் மிகுவதால் வெளியிலிருந்து இன்னும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. அமிலமும் குளோரைடும் சேர்ந்து குழியை மேலும் ஆழப்படுத்துகின்றன. வெளியே பாத்திரம் பளபளவென்றிருக்க, உள்ளே குழி தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. எனவே நீர் கொதித்த பிறகு உப்புப் போட்டுக் கலக்குவது நல்லது. ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் போட்டு வைக்கும் நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம் வேதியியலுக்கு முழுக்க இசைவானது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை எவர்சில்வர் வாளியில் இரவெல்லாம் வைக்கக் கூடாது. கடல்நீரும் குளோரைடும் மிகுந்த இடங்களுக்கு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்த்த வகையைப் பயன்படுத்துகிறார்கள். குரோமியத்தின் படலம் உடையும் இடத்தில் அரிப்பை மட்டுப்படுத்துவது அந்த மற்றொரு இடைநிலை உலோகம்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மயில்துத்தத்தின் நீலம் தாமிரத்தின் தனிச்சொத்து என்று நினைப்பது இயல்பு. ஆனால் அதை வாணலியில் வறுத்து நீரை வெளியேற்றினால் வெள்ளைப் பொடியாகிவிடும். தாமிர அயனியைச் சூழ்ந்து பிணையும் மூலக்கூறுகளும் அயனிகளும் ஈனிகள் எனப்படும்; அவை அதன் டி-ஆர்பிட்டால்களை இரு ஆற்றல் மட்டங்களாகப் பிரிக்கின்றன. அந்த இடைவெளிக்கு ஏற்ற ஒளியை அயனி விழுங்க, எஞ்சிய நிறம் நமக்குத் தெரிகிறது. நீர் சூழ்ந்தால் வெளிர் நீலம், அம்மோனியா சூழ்ந்தால் அடர் கருநீலம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் நீருக்குப் பதில் குளோரைடு வந்து சூழ்ந்து கரைசல் பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறும். ஈனிகளாக ஹாலைடுகள் வலுக்குறைந்தவை. அயோடைடு மிகக் குறைவு, புரோமைடு, குளோரைடு, ஃபுளோரைடு என்று வரிசையாக வலு ஏறினாலும் நீரைத் தாண்டுவதில்லை.

ஏற்காட்டில் காப்பி இலைத் துருநோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை இந்தத் தாமிரத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துச் செய்வது. ஒரு விழுக்காட்டுக் கலவைக்கு 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் வேண்டும். இரும்பு டிரம்மில் கலக்கக் கூடாது, ஏனெனில் இரும்பு கரைந்து தாமிரம் படிந்துவிடும். அந்தக் குறையையே சோதனையாகவும் பயன்படுத்துகிறார்கள்: கலவையில் அரிவாள் நுனியைச் சிறிது நேரம் முக்கி எடுத்தால், அதில் செம்பழுப்புப் படலம் படிந்திருந்தால் கரைந்த தாமிரம் மிச்சமிருக்கிறது, இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு ஊற்ற வேண்டும். அரிவாள் அப்படியே வெளுப்பாக இருந்தால் தெளிக்கலாம். மின்வேதி வரிசையை இதைவிட நேராகக் காட்டும் பாடம் இல்லை.

வெள்ளியிடம் வருவோம். கொலுசுப் பட்டறையில் அரம் தேய்த்து விழும் தூளையும் கூட்டிப்பெருக்கிய மண்ணையும் யாரும் வீசி எறிவதில்லை. வெள்ளித் தூளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் செம்பழுப்புப் புகை எழுந்து, கலந்திருந்த செம்பினால் கரைசல் நீலமாகும். அதில் சாதாரண உப்புக் கரைசலை ஊற்றியதும் வெள்ளி மட்டும் தயிர்போலத் திரண்டு வெள்ளைக் குளோரைடாக இறங்கிவிடும், செம்பு கரைசலிலேயே நிற்கும். வெயில் படும்படி விட்டால் அந்த வெண்மை ஊதாவாகிக் கருக்கும். ஒரு வெள்ளிக் கட்டியில் எத்தனை பங்கு வெள்ளி என்று உப்புக் கரைசலின் அளவைக் கொண்டே கணிக்கும் முறையைப் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லூசாக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்தார். குளோரைடு வெண்மையாக இருந்து அம்மோனியாவில் கரைந்துவிடும். புரோமைடு வெளிர்மஞ்சள், அரைகுறையாகக் கரையும். அயோடைடு மஞ்சள், கரையாது. வெள்ளி ஃபுளோரைடோ நீரிலேயே தாராளமாகக் கரைந்துவிடுகிறது.

ஃபுளோரைடு ஏன் தனியே நிற்கிறது என்பதற்கு 1963-ல் வேதியியலாளர் ரால்ஃப் பியர்சன் முன்வைத்த வன்மை-மென்மைக் கருத்து விடை தருகிறது. சிறியதும் எலக்ட்ரான் மேகம் இறுகியதுமான ஃபுளோரைடு வன்மையானது. அது அலுமினியம், கால்சியம், ஃபெரிக் போன்ற வன்மையான அயனிகளோடு உறுதியாகச் சேரும். பெரியதும் எலக்ட்ரான் மேகம் எளிதில் நெளிவதுமான அயோடைடு மென்மையானது. வெள்ளி, குப்ரஸ், பாதரசம் போன்ற மென்மையானவற்றை நாடும். சேலத்தின் சில பகுதிகளிலும் 1965 வரை அதோடு சேர்ந்திருந்த தருமபுரியிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களில் பழுப்புக் கறை படிவதும் எலும்பு வளைவதும் இந்த வன்மையின் விளைவு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும் ஃபுளோரைடு, பல்லிலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதை நீரிலிருந்து நீக்கப் படிகாரமும் ஊக்குவிக்கப்பட்ட அலுமினாவும் பயன்படுவது, அலுமினியம் கால்சியத்தைவிடவும் அதற்கு நெருங்கிய துணை என்பதால்.

ஆய்வகத்தில் இதே வன்மை வேறொரு வேலைக்கு உதவுகிறது. தாமிரத் தாதுவில் எவ்வளவு தாமிரம் என்று அயோடைடு கொண்டு அளக்கும்போது, கூடவே இருக்கும் ஃபெரிக் அயனியும் அயோடைடைத் தாக்கிக் கூடுதல் அயோடினை விடுவித்துவிடும், கணக்கு தவறிப்போகும். அதைத் தடுக்கக் கரைசலில் சிறிது ஃபுளோரைடு உப்பைச் சேர்ப்பார்கள். ஃபுளோரைடு ஃபெரிக் அயனியைச் சூழ்ந்து நிறமற்ற அணைவு அயனியாக்க, அதன் மின்னழுத்தம் அயோடைடை ஆக்சிஜனேற்ற முடியாத அளவுக்கு இறங்கிவிடுகிறது. குப்ரிக் அயனியை ஃபுளோரைடு அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. எனவே ஸ்டார்ச்சின் நீலம் மறையும்போது படிக்கும் பியூரெட் அளவு தாமிரத்துக்கு மட்டுமே உரியதாக இருக்கும்.